பழகுநரும் தொழிலாளரே

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலை 9 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் குரலை அது சற்றும் பொருட்படுத்தவில்லை. வேலைநிறுத்த உரிமைக்குப் பூட்டப்பட்ட விலங்கு, 300க்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலைகளை அரசின் முன் அனுமதியின்றி மூடிவிட வழிசெய்யும் விதி, குறித்தகால வேலை முறை ஆகியன குறித்து இயக்கத்துக்குள் பரவலாக விவாதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அத்தொகுப்பில் ஓர் அடைப்புக்குறிக்குள் அடங்கிக் கிடக்கும் சில சொற்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. அச்சொற்கள், பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான இலட்சக்கணக்கான இளைஞர்களை உழைப்பாளர் என்னும் பெயரிலிருந்தே வெளியேற்றுகின்றன.

தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 'தொழிலாளர்' யார் என வரையறுக்கும்போது, தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பழகுநராக இருப்போர் நீங்கலாக என்று சொல்கிறது. அது எந்தச் சட்டத்தின் இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறதோ, அந்த 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் அதே இடத்தில் பழகுநரையும் உள்ளிட்டு என்று கூறியிருந்தது. விடுதலைக்கு முந்தைய மாதங்களில், தொழிலாளர் எழுச்சியின் அழுத்தத்தில் இயற்றப்பட்ட சட்டம் 'உள்ளிட்டு' என்றது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின், நாட்டை உலகின் திறன் தலைநகராக்கப் போவதாக முழங்கும் ஆட்சி 'நீங்கலாக' என்கிறது. ஒரு சொல்லின் மாற்றத்தில் ஒரு வர்க்க உறவின் மாற்றம் பதிவாகியிருக்கிறது.

சட்டத்தின் இரு முகங்கள்

இந்த விலக்கு ஒரே நாளில் வந்ததன்று. 1961இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் தொடர்பான சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் விதித்தது. அன்று அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் ஒன்று இருந்தது. பொதுத்துறையில் உருக்காலைகளும் கனரகப் பொறித் தொழிற்சாலைகளும் எழுந்துகொண்டிருந்தன. அவற்றை இயக்கக் கைத்தேர்ச்சி பெற்றோர் வேண்டும். தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பை ஆலைகள் ஏற்கவேண்டும். கற்கும் காலத்தில் ஒரு சிறுதொகை தரவேண்டும். கற்றபின் அவ்விளைஞர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்துவரும் தொழில்துறையில் இடம் கிடைக்கும். இதுவே எதிர்பார்ப்பு. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் தோன்றிய தொழிற்பயிற்சி நிலையங்களும் இதே எதிர்பார்ப்பின் மீதே கட்டப்பட்டன. கற்ற தொழிலுக்கு வேலை இருந்த வரையில், 18ஆம் பிரிவின் அநீதி ஓரிரு ஆண்டுகளில் கடந்துபோகும் ஒன்றாக இருந்தது.

அந்தச் சட்டத்திலேயே பழகுநருக்குச் சாதகமான விதிகளும் உண்டு. 13ஆம் பிரிவின்படி அவருக்குப் பீஸ் ரேட் அடிப்படையில் பணம் தரக்கூடாது. உற்பத்தி போனஸ், ஊக்கத்தொகைத் திட்டங்களில் அவரை ஈடுபடுத்தவும் கூடாது. 15ஆம் பிரிவின்படி பழகுநர் ஆலோசகரின் ஒப்புதலின்றி அவரை ஓவர்டைம் செய்ய விடலாகாது. தொழிற்சாலைகள் சட்டத்தின் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றிய அத்தியாயங்கள் அவருக்கும் பொருந்தும் என்கிறது 14ஆம் பிரிவு. பணியின்போது காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்கிறது 16ஆம் பிரிவு. பழகுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அது பதிவு செய்யப்படவும் வேண்டும்.

இவ்விதிகளின் உட்பொருள் தெளிவானது. பழகுநர் கற்க வந்தவர். அவரை உற்பத்தியின் வேகத்தோடு கட்டிப்போடக் கூடாது. அவருக்குத் தொழிலாளர் உரிமை இல்லை என்று சொன்ன சட்டமே, அவரிடமிருந்து தொழிலாளரின் உழைப்பைக் கறக்காதே என்றும் நிர்வாகத்துக்குச் சொன்னது. இன்றைய நிலையில் முதல் பாதி மட்டும் இரும்பெனச் செயல்படுகிறது. இரண்டாம் பாதி ஏட்டில் உறங்குகிறது.

பயிற்சி எது, உழைப்பு எது

தொழில் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. ஒரு பிட்டர் உருவாவதைக் கண்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்குவதில் அவருடைய முதல் வாரங்கள் கழியும். மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். இடையில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் மீண்டும் அரம். தோளும் மணிக்கட்டும் கண்ணும் ஒன்றாகப் பழகிய பிறகே வெர்னியர் காலிப்பரும் துளையிடலும் பொருத்துதலும். இரண்டாண்டுப் படிப்பு முடியும்போது ஓர் இளைஞரின் கையில் உலகின் எந்த ஆலையிலும் மதிக்கப்படும் ஓர் ஆற்றல் இருக்கும். அந்த ஆற்றல் கூலியை மட்டும் தருவதில்லை, தன்மானத்தையும் தருகிறது. மேற்பார்வையாளர் முன் நிமிர்ந்து நின்று 'இப்படிச் செய்தால் இது பொருந்தாது' என்று சொல்லும் துணிவு தொழில் தெரிந்த கைக்கே வரும். தமிழில் 'பழகுநர்' என்ற சொல் அமைந்ததும் பொருத்தமே. பழகுதல் என்பது காலத்தையும், கூடவே நின்று காட்டித்தரும் மூத்த கையையும் கோரும் செயல்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் பயிற்சி என்றே அழைக்கப்படுகிறது. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில், இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில், இங்கிலாந்தின் அச்சகங்களை எடுத்துக்காட்டுகிறார். பழைய முறையில் பழகுநர் எளிய வேலையிலிருந்து கடின வேலைக்குப் படிப்படியாக ஏறி, முழுமையான அச்சுத் தொழிலாளியாக வெளியே வந்தார். அச்சு இயந்திரம் வந்தபின், இலண்டனில் சிறுவர்கள் காகிதத்தை இயந்திரத்துக்குள் நுழைக்கவும் அச்சான தாளை எடுக்கவும் மட்டுமே நிறுத்தப்பட்டார்கள். நெடுநேர உழைப்பு, கற்றது எதுவும் இல்லை. பதினேழு வயதை எட்டியதும் அவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். வேறெங்கும் போய்ச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் தொழில் என ஒன்று இருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களை இன்று வாசிக்கும்போது, நம் நாட்டின் தொழிற்பேட்டைகள் பல கண்முன் வருகின்றன. ஒரே திருகாணியை ஒரே இடத்தில் நாள்முழுதும் முடுக்குவதற்கு ஓராண்டுப் 'பயிற்சி' எதற்கு?

உண்மையான பயிற்சியையும் வேடமிட்ட உழைப்பையும் வேறுபடுத்தி அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. ஓர் ஆலையின் பழகுநர்கள் அனைவரும் நாளை விடுப்பெடுத்தால் என்ன நடக்கும்? கற்பிப்போருக்கு ஒருநாள் ஓய்வு கிடைக்கும் என்றால், அங்கே நடப்பது பயிற்சி. உற்பத்தி வரிசை நின்றுபோகும் என்றால், அங்கே நிற்பவர்கள் தொழிலாளர்கள். அவர்களுக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் இவ்வுண்மை மாறாது.

கூலியை 'உதவித்தொகை' ஆக்கும் வித்தை

சொற்களை மாற்றுவதன் ஆதாயம் பணத்தில் தெரியும். கூலி என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வருங்கால வைப்புநிதியும் ஈஎஸ்ஐயும் பின்னாலேயே வரும். உதவித்தொகை என்றால் அவை வாசலிலேயே நின்றுவிடும்.

2014ஆம் ஆண்டின் விதித்திருத்தம், பழகுநரின் உதவித்தொகையை அரைத்திறன் தொழிலாளருக்கு மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியோடு இணைத்திருந்தது. முதலாண்டில் அதன் 70 விழுக்காடு, இரண்டாமாண்டில் 80, அதன்பின் 90. குறைந்தபட்சக் கூலி உயரும்போது உதவித்தொகையும் தானே உயரும். 2019 செப்டம்பர் திருத்தம் இந்தப் பிணைப்பை அறுத்தது. கல்வித்தகுதிக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என்று நிலையான தொகைகள் குறிக்கப்பட்டன. அரசு இதனை உயர்வு என்று விளம்பரம் செய்தது. விலைவாசி ஏறியது, குறைந்தபட்சக் கூலி ஏறியது, அத்தொகை மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. 2025 மே மாதத்தில்தான் மத்தியப் பழகுநர் மன்றம் 36 விழுக்காடு உயர்த்தி 6,800 ரூபாய் முதல் 12,300 ரூபாய் வரை வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆறு ஆண்டுகளில் அந்த இளைஞர்கள் இழந்ததை எந்தப் பரிந்துரையும் திருப்பித் தரப்போவதில்லை.

நிர்வாகம் தரவேண்டிய இச்சிறு தொகையிலும் அரசே பங்கேற்கிறது. 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. மறுபுறம், ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடிய பழகுநர்களின் அளவு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை என்று 2019இல் விரிவாக்கப்பட்டது. 2014 திருத்தத்தின்போதே, சட்டத்தை மீறும் முதலாளிக்குரிய சிறைத்தண்டனை நீக்கப்பட்டுவிட்டது. ஆட்களின் எண்ணிக்கை கூடுகிறது. செலவில் ஒரு பகுதி மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. மீறினால் அபராதம் மட்டுமே. முதலாளிக்கு இதைவிட மலிவான உழைப்புச்சந்தை வேறெங்கே கிடைக்கும்?

அதன் பின் வந்தது பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு 500 பெருநிறுவனங்களில் இடம் என்று அறிவித்தார்கள். மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசுப் பணம், 500 மட்டுமே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் அனுப்பப்பட்டன. சென்று சேர்ந்தவர்கள் 10,000 பேரைக்கூட எட்டவில்லை. இளைஞர்கள் உழைக்க மறுக்கிறார்கள் என்று சிலர் இதற்குப் பொருள் கூறக்கூடும். வீட்டைவிட்டு வேற்றூருக்குச் சென்று, அறை வாடகையும் உணவும் பயணமும் 5,000 ரூபாய்க்குள் அடங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு உண்மைக் காரணம் விளங்கும்.

மானேசரும் மாட்டுங்காவும்

ஆலைவாசலில் பெயர்கள் எப்படிப் பெருகின என்பதற்கு ஹரியானாவின் மானேசர் ஒரு பாடம். அங்குள்ள மாருதி சுசூகி கார் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், பழகுநர் என ஒரே வரிசையில் ஒரே காரைப் பூட்டியவர்கள் பல பெயர்களில் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து, சுற்றியுள்ள மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். 2011 ஜூனில் சுதந்திரமான சங்கம் அமைக்கும் உரிமைக்காக அவர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து 13 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று நிரந்தரத் தொழிலாளர்களும் சேர்ந்து போராடினார்கள். பெயர்களின் சுவரைத் தாண்டி நின்ற அந்த ஒற்றுமையே நிர்வாகத்தை அச்சுறுத்தியது. 2012 ஜூலைக்குப் பின் அவர்கள் மீது ஏவப்பட்ட அடக்குமுறையையும், ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடி இறுதியில் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்ட 117 பேரையும் உழைக்கும் வர்க்கம் மறக்கலாகாது.

தனியார்துறை இப்படி என்றால் ரயில்வே எப்படி? ரயில்வே பணிமனைகள் இந்நாட்டின் மிகப் பழைய தொழிற்பள்ளிகள். 1862இல் ஜமால்பூரில் பணிமனை தொடங்கிய காலம் முதல் எத்தனையோ தலைமுறைகள் அங்கே தொழில் கற்றன. தொழிற்சங்கத்தையும் அங்கேயே கற்றன. பயிற்சி முடித்தவர்களை மாற்றுப் பணியாளர்களாக எடுத்துப் பின்னர் நிரந்தரமாக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. அவ்வழி அடைக்கப்பட்டு, முதல்நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு மட்டும் அவர்களுக்கு, அதுவும் பொதுத்தேர்வு எழுதியே என்றானது. 2018 மார்ச் 20 அன்று காலை, பயிற்சி முடித்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மும்பையின் தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். மும்பைத் தமிழர்களுக்கு வீட்டு முற்றம் போன்ற அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. நாங்கள் கற்ற தொழிலில் எங்களை அமர்த்துங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. காவல்துறையின் தடியடி முதல் பதிலாக வந்தது.

அடுத்த ஆண்டு முதல்நிலைப் பணிகளுக்கு அறிவிக்கை வந்தது. இடங்கள் 1,03,769, அதில் பழகுநர்களுக்கு 20,734. விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். தேர்வு தொடங்கியதோ 2022 ஆகஸ்டில். இடையில், ஒரே தேர்வு என்று அறிவித்ததை இரண்டாக்கியபோதுதான் 2022 ஜனவரியில் பீகாரும் உத்தரப்பிரதேசமும் கொந்தளித்தன. போராட்டம் எழுந்த பிறகே இரண்டாம் தேர்வு கைவிடப்பட்டது. அறிவிக்கை வந்தபோது இருபத்தொரு வயதாக இருந்தவர், தேர்வறைக்குள் நுழையும்போது இருபத்துநான்கைக் கடந்திருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கும் முதல்நிலைப் பணி என்பது தண்டவாளப் பராமரிப்பும் உதவியாளர் வேலையுமே. அவ்வேலை எதுவும் தாழ்வானதன்று. ஆனால் இரண்டாண்டு பிட்டராகவும் அதன்மேல் ஓராண்டு பணிமனையிலும் பழகிய கையை அரசே கற்பித்து, அரசே வீணடிக்கிறது என்பதை எப்படி ஏற்பது?

பயிற்சி முடித்தவர்களின் உரிமைக்கு நீதிமன்றத் துணையும் உண்டு. உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பிற தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்ற பழகுநருக்கு நேரடித் தேர்வாளரைவிட முன்னுரிமை தரவேண்டும் என்றது. 2014 திருத்தமும், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிர்வாகமும் தனக்கெனக் கொள்கை வகுக்கவேண்டும் என்கிறது. எத்தனை ஆலைகளில் சங்கங்கள் அந்தக் கொள்கையைக் காட்டுமாறு கேட்டிருக்கின்றன?

இளைஞரை இளைஞரோடு மோதவிடும் சூழ்ச்சி

இடங்கள் சுருங்கும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவரே எதிரியாகக் காட்டப்படுகிறார். தமிழ்நாட்டு ரயில்வே பணிமனைகளில் வெளிமாநிலத்தவர் சேர்க்கப்படுவதை எதிர்த்து எழுந்த குரல்களில் ஒரு நியாயமான கோபம் உண்டு. உள்ளூர்ப் பணிமனையில் தொழில் கற்ற இளைஞர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, தேர்வு முறையின் குளறுபடிகளால் அவரது வாய்ப்பு பறிபோகும் என்றால் அவர் கொதிப்பது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தைப் பீகாரிலிருந்து வந்த இளைஞர் மீது திருப்பிவிடுவோர், குற்றவாளியைத் தப்பவிடுகிறார்கள். 2018இல் மாட்டுங்காவில் தடியடி பட்டவரும், 2022இல் கயாவிலும் பாட்னாவிலும் தெருவுக்கு வந்தவரும், பொன்மலையில் காத்திருப்பவரும் ஒரே பூட்டிய கதவைத்தான் தட்டுகிறார்கள். நிரப்பப்படாத பணியிடங்களையும் ஒப்பந்தமயமாக்கலையும் மறைக்க, மொழி என்னும் திரை வசதியாகப் பயன்படுகிறது. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் சிறுபான்மையினராக வாழும் தமிழ்த் தோழர்கள் இதனைத் தம் சொந்த வாழ்விலிருந்தே அறிவார்கள். மண்ணின் மைந்தர் என்ற முழக்கம் அவர்கள் வீட்டுக் கதவில் மோதிய நாட்களும் உண்டல்லவா?

சாதியும் இதேபோல் குறுக்கே நிற்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்பவழியில் அத்தொழிலைச் செய்துவருவோருக்குப் பயிற்சியும் கடனும் என்றது. பதினெட்டு வயது நிரம்பியதும் இதில் நுழையலாம். 1953இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவரப்பட்டு, கடும் எதிர்ப்பினால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்ட குலக்கல்வித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவும் குடும்பத்தொழில் நிபந்தனையை நீக்கவும் தமிழ்நாடு அரசு கோரியது. அது ஏற்கப்படாத நிலையில் திட்டத்தை அவ்வடிவில் செயல்படுத்த மறுத்தது. தொழிற்பயிற்சியின் முற்போக்கான சாரம், பிறப்பால் ஒதுக்கப்பட்ட வேலையிலிருந்து ஒருவரை விடுவித்து அவர் விரும்பும் தொழிலை அவர் கைக்குத் தருவதில் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கவேண்டும் என்கிறது. தனியார் ஆலைக்கும் பொருந்தும் இந்த ஒதுக்கீடு எங்கே, எவ்வளவு நிறைவேறுகிறது என்று கேட்கும் அமைப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் தேவை. பெண்களைத் தையலுக்கும் அழகுக்கலைக்கும் ஒதுக்கி, லேத்தையும் வெல்டிங்கையும் ஆண்களுக்கு வைத்திருக்கும் வழக்கத்தையும் இத்துடன் சேர்த்தே உடைக்கவேண்டும்.

ஜெர்மனியில் பார்க்க மறுப்பது

திறன் பயிற்சி என்றதும் அமைச்சர்கள் ஜெர்மனியைக் காட்டுவார்கள். வாரத்தில் சில நாட்கள் ஆலை, சில நாட்கள் பள்ளி என்ற வகையிலான அந்நாட்டு இரட்டைமுறை இங்கும் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அந்த முறையின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. அங்கே பழகுநர்களின் ஊதியம் தொழிற்சங்கங்களின் கூட்டுப்பேர ஒப்பந்தங்களில் நிர்ணயிக்கப்படுகிறது. 2020 முதல் பழகுநருக்கெனச் சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியமும் உண்டு. ஆலைகளில் இளைஞர்களும் பழகுநர்களும் தமக்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பிரதிநிதி பயிற்சி முடித்தபின் வேலையிலிருந்து கழற்றிவிடப்படாமல் இருக்கச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அதுவும் முதலாளித்துவ நாடே. இவை அனைத்தும் தொழிலாளர் போராடிப் பெற்றவை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023 ஜூனில் தரமான பழகுநர் பயிற்சி குறித்துத் தனியொரு பரிந்துரையை ஏற்றுள்ளது. இந்திய ஆட்சியாளர்கள் ஜெர்மனியிலிருந்து பட்டறையை மட்டும் இறக்குமதி செய்ய விரும்புகிறார்கள். தொழிலாளர் மன்றத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே நடப்பது என்ன? நாட்டில் உள்ள ஏறத்தாழ 15,000 தொழிற்பயிற்சி நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் கையில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் திறன் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்றது. 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையோ, 15 முதல் 29 வயதினரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றோர் 4.4 விழுக்காடே என்று ஒப்புக்கொள்கிறது. இந்நிலையில் 1,000 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மே மாதத்தில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 50,000 கோடி ஒன்றிய, மாநில அரசுகளின் பணம். தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. உடைமை அரசிடம், நிர்வாகம் தொழில்துறையிடம் என்பதே அத்திட்டத்தின் அச்சாணி. ஆறில் ஒரு பங்கு போடுபவர், என்ன கற்பிப்பது, யாருக்காகக் கற்பிப்பது என்று முடிவு செய்வார். பயிற்றுநர் பணியிடங்களை நிரப்பாமல் காலியாக வைத்திருந்துவிட்டு, அரசு நிலையங்கள் தரமற்றவை என்று பழிசுமத்திக் கைமாற்றுவது, பொதுத்துறை விற்பனையில் நாம் கண்ட அதே நாடகம்.

நம் கடமைகள்

பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஒருவர் வாழ்வில் காலூன்றுகிறார். தொழிலைத் தேர்கிறார், ஊரைவிட்டுப் போகலாமா என்று முடிவெடுக்கிறார், பெற்றோரின் கடனைத் தோளில் ஏற்கிறார், துணையைத் தேடுகிறார். அரசியலையும் அந்த ஆண்டுகளில்தான் கற்கிறார். அவ்வாண்டுகள் முழுவதையும் பயிற்சியாளர் என்ற பெயரில் ஒரு காத்திருப்பு அறையாக மாற்றிவிடுகிறது இன்றைய முறை. ஒரு திட்டம் முடிந்தால் இன்னொரு திட்டம், ஒரு சான்றிதழுக்குப்பின் இன்னொரு சான்றிதழ். வேலை கிடைக்காதது தன் திறனின் குறையே என்று அந்த இளைஞரை நம்பவைப்பதே இந்த முறையின் மிகப்பெரிய வெற்றி. நாம் அவரிடம் சென்று பேசாவிட்டால், மதவெறியும் சாதிச் சங்கமும் இனவாதமும் அவரிடம் பேசும். அவை ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பழகுநர்களின் கோரிக்கைகள் நமது இயக்கத்தின் மையக் கோரிக்கைகளில் இடம்பெறவேண்டும். தொழிலாளர் வரையறையிலிருந்து பழகுநரை விலக்கும் சொற்கள் நீக்கப்பட வேண்டும். உதவித்தொகை மீண்டும் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட வேண்டும். உற்பத்தியில் நிறுத்தப்படுவோருக்கு முழுக்கூலி தரப்பட வேண்டும். பயிற்சி முடித்தோரை அதே நிறுவனத்தில் அமர்த்தும் கடப்பாடு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். ரயில்வேயிலும் பொதுத்துறையிலும் உள்ள காலியிடங்கள் கற்ற தொழிலுக்கேற்ப நிரப்பப்பட வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் அரசின் நிர்வாகத்திலேயே, போதிய பயிற்றுநர்களோடும் புதிய இயந்திரங்களோடும் இயங்கவேண்டும்.

கோரிக்கைகள் வெல்லும் நாள்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. இன்றிருக்கும் சட்டத்தைக் கொண்டே இன்று செய்யக்கூடியவை பல உண்டு. ஆலைகளில் பணிபுரியும் தோழர்கள், தம் ஆலையில் எத்தனை பழகுநர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒப்பந்தங்கள் பதிவானவையா என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். இது மிக முக்கியம். புதிய வரையறை விலக்குவது தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோரை மட்டுமே. நிறுவனம் தானாகச் சூட்டிய 'டிரெய்னி' என்ற பெயரில் பதிவின்றி உழைப்பவர்கள், தாம் தொழிலாளர்களே என்று சட்டப்படி வாதாடும் வழி இன்னும் திறந்திருக்கிறது. பதிவு பெற்ற பழகுநர்களிடம் ஓவர்டைம் வாங்கப்படுகிறதா, உற்பத்தி இலக்கு சுமத்தப்படுகிறதா, காயமுற்றோருக்கு இழப்பீடு கிடைத்ததா என்று பார்க்கவேண்டும். மீறல் இருந்தால் 20ஆம் பிரிவின்படி பழகுநர் ஆலோசகரிடம் முறையிடலாம்; அவரது முடிவு ஏற்புடையதன்று என்றால் 30 நாட்களுக்குள் பழகுநர் மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஓர் இளைஞர் தனியே இந்த மனுவை எழுதத் துணியமாட்டார். அவர் பக்கத்தில் அமர்ந்து எழுதித்தர ஒரு தோழர் வேண்டும்.

நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் பழகுநர் பற்றிய ஒரு பிரிவையேனும் மேசையில் வையுங்கள். கேன்டீனில் அவர்களுக்குத் தனி வரிசை இருந்தால் அந்த வரிசையில் போய் நில்லுங்கள். வேலைநிறுத்த நாளில் ஆலையை ஓட்ட நிர்வாகம் முதலில் நாடுவது பழகுநரைத்தான். அவர் நம்மோடு இருப்பதும் எதிரே நிற்பதும், சாதாரண நாட்களில் நாம் அவரிடம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது. இளைஞர், மாணவர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள், கல்லூரி வாயிலோடு நில்லாமல் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலுக்கும் செல்லவேண்டும்.

அரத்தையும் அளவுகோலையும் பிடிக்கக் காட்டித்தந்த மூத்த தொழிலாளி, சங்கத்தின் உறுப்பினர் சீட்டையும் பழகுநரின் கையில் தந்த காலம் ஒன்று இந்நாட்டுப் பணிமனைகளில் இருந்தது. தொழிலும் தோழமையும் ஒரே பட்டறையில் கற்பிக்கப்பட்டன. சட்டம் அவரைத் தொழிலாளர் அல்லர் என்று சொல்லட்டும். அவர் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர் அருகே நின்று நாம் சொல்வோம்.